இந்தூரிலிருந்து வந்த இந்தி

எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி வந்தபோது அதைப் பட்டறையில் வைப்பதா, வீட்டில் வைப்பதா என்று ஒரு வாரம் பேச்சு நடந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். கோவை கணபதியில் முன்னால் வீடு, பின்னால் பட்டறை. என் கணவர் அங்கே ஏழெட்டு ஆட்களை வைத்து மோட்டார் பம்புகள் செய்துகொண்டிருந்தார். இரும்பைக் கடையும் லேத்து ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே காதில் விழாது. அதனால் போன் வீட்டு ஹாலுக்கு வந்தது. பகல் முழுக்க அங்கே இருப்பது நானும் என் மாமனாரும். தன்னால் அந்தச் சனியனை எடுக்க முடியாது என்று மாமனார் முதல் நாளே சொல்லிவிட்டார். ஆக, கம்பெனிக்கு வரும் எல்லாப் பேச்சும் என் காது வழியாகத்தான் போயாக வேண்டும் என்றானது.

எனக்கு அதில் பெருமைதான். நான் கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்தவள், பி.காம். படித்தவள், கல்லூரியில் ஆங்கில ஒப்பித்தல் போட்டியில் கோப்பை வாங்கியவள். மொழி என்றால் எனக்குத் தண்ணீர் பட்டபாடு என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கோப்பையை ஒப்பித்ததற்குத்தான் கொடுத்தார்கள், பேசியதற்குக் கொடுக்கவில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

எங்கள் பம்புகள் அதிகம் போனது மத்தியப் பிரதேசத்துக்கு. இந்தூரில் ஒரு டீலர் இருந்தார். பெரும்பாலும் காலையில் அவர்தான் கூப்பிடுவார். அவருக்கு ஆங்கிலத்தில் பத்துப் பன்னிரண்டு வார்த்தை தெரியும். எனக்கு இந்தியில் இரண்டு வார்த்தை தெரியும்: "அச்சா", "டீக் ஹை". இரண்டுக்கும் சரி என்று பொருள். இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டே நான் மாதக்கணக்கில் காலம் தள்ளினேன். அவர் மூச்சு விடும் இடத்தில் ஒரு "அச்சாங்க" போடுவேன். ஆமாம், இந்தியிலும் எனக்கு 'ங்க' சேர்க்காமல் பேச வராது. மரியாதை இல்லாமல் எப்படி ஒரு ஆண்பிள்ளையிடம் மொட்டையாக "அச்சா" என்பது?

ஒருநாள் அவர் மிகவும் வருத்தமாக, "மோட்டார் ஜல் கயா, மோட்டார் ஜல் கயா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் பட்டறைக்கு ஓடினேன்.

"ஏனுங்க, மோட்டாருக்குள்ள ஜலம் போயிருச்சாமுங்க."

"தண்ணி உள்ள போயிருச்சா? அப்ப சீல் போயிருக்கும்" என்று என் கணவர் அன்றைக்கே ஒரு பெட்டி நிறைய சீல் அனுப்பிவைத்தார். உண்மையில் மோட்டாருக்குள் கம்பிச் சுருள், அதாவது காயில், எரிந்துபோயிருந்தது. ஜல் கயா என்றால் எரிந்துவிட்டது என்று அர்த்தம். நெருப்பு என்று சொன்னவருக்கு நான் தண்ணீருக்கான மருந்தை அனுப்பியிருக்கிறேன்.

இதோடு புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. சில வாரம் கழித்து அவர் நெடுநேரம் குதூகலமாக ஏதோ பேசினார். நடுவில் "ஊட்டி" என்பது மட்டும் பிடிபட்டது. ஊட்டி நல்ல ஊர்தானே என்று, "அச்சாங்க, டீக் ஹைங்க" என்று உற்சாகமாகவே சொல்லிவைத்தேன்.

ஒரு மே மாதக் காலையில் எங்கள் வாசலில் இரண்டு ஆட்டோக்கள் வந்து நின்றன. டீலர், அவர் மனைவி, மூன்று பிள்ளைகள், டீலரின் அப்பா, அம்மா, ஒரு பெரிய தண்ணீர்க் கூஜா, எண்ண முடியாத மூட்டைகள் எல்லாம் இறங்கின. என் கணவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், பிரஷ்ஷோடு திரும்பி என்னைப் பார்த்தார்.

"அம்மிணி, யாரு இவிய?"

டீலரே கையைப் பிடித்துக் குலுக்கிச் சொன்னார்: "ஊட்டி டூர்! மேடம் டோல்டு, கம் கம், நோ ப்ராப்ளம்!"

என் மாமனார் அப்போதுதான் செய்தித்தாளை மடித்தார். அவர் கல்லூரிக் காலத்தில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் இருந்தவர். ரயில் நிலையப் பலகைகளில் தார் பூசியதை ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் சொல்லுவார். அவர் என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "நான் தார்ச்சட்டியத் தூக்கிட்டுப் போயி டேசன்ல அழிச்சதெ, நீ போனப் போட்டு ஊட்டுக்குள்ளயே கூட்டியாந்துட்டயே கண்ணு."

ஆனால் வந்தவர்களை உபசரிப்பதில் அவருக்கும் எங்களுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அவர்கள் ஒருநாள் தங்கி, களைப்பாறி, மறுநாள் ஊட்டிக்குப் போவதாகத் திட்டம். இட்லியும் தேங்காய்ச் சட்னியும் போட்டோம். சாப்பிட்டு முடித்ததும் டீலரின் மனைவி சமையலறைக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், சிரித்த முகம். மதியத்துக்கு நான் சிரமப்பட வேண்டாம் என்பதுபோல் கையை ஆட்டி, விரலைக் குவித்து, "பஸ், தோடா சாவல்" என்றார்.

எங்கள் பக்கத்தில் சேவலைச் சாவல் என்றுதான் சொல்லுவோம். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நான் கணவரிடம் போய், நாட்டுச் சாவல் ஒன்று உடனே வேண்டும் என்றேன்.

"வடக்க இருந்து வாரவிய கறி திங்கமாட்டாங்கன்னு சொல்லுவாங்களே?" என்றார்.

"அவங்களே வாயத் தொறந்து கேக்கறாங்க. பேரச் சொல்லிக் கேக்கறாங்க."

"தமிழ்லயா கேட்டாங்க?"

"நம்மூட்டுக்கு வாரோமேன்னு ஒரு வார்த்தையாச்சும் படிச்சுட்டு வந்திருப்பாங்க. எல்லாரும் உங்களாட்டமே இருப்பாங்களா?"

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்குப் போனார். அடுத்த இரண்டு மணி நேரம் நான் சமைத்தேன் பாருங்கள், அப்படி ஒரு கோழிக் குழம்பை அதற்கு முன்னும் வைத்ததில்லை, பின்னும் வைத்ததில்லை. விருந்தாளிகளோ முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இலை போட்டு எல்லாரையும் உட்காரவைத்தேன். பெரியவர்களுக்கு முதல் மரியாதை என்று டீலரின் அம்மாவின் இலையில் சோற்றைப் போட்டு, குழம்புச் சட்டியோடு குனிந்தேன். அந்த அம்மாள் சட்டிக்குள் எட்டிப் பார்த்து, "யே க்யா ஹை?" என்றார். இது என்ன என்கிறார் என்பது எனக்கே புரிந்துவிட்டது.

"சாவல்!" என்றேன் பெருமையாக.

அவர் குழப்பத்தோடு இலையிலிருந்த சோற்றைத் தொட்டுக் காட்டி, "சாவல்" என்றார். நான் தலையை ஆட்டி, சட்டியைக் காட்டி, "சாவலுங்க" என்றேன். அவர் மறுபடியும் சோற்றைக் காட்டினார். எனக்குத்தான் விளக்கிச் சொல்லும் திறமை அதிகமாயிற்றே. சட்டியைக் கீழே வைத்தேன். இரண்டு முழங்கையையும் இறக்கை மாதிரி அடித்து, கழுத்தை நீட்டி, "கொக்கரக்கோ" என்று கூவிக் காட்டினேன்.

ஏழு பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். வெங்காயம் பூண்டுகூடத் தொடாத குடும்பம் அது. அந்த அம்மாள் நேரே கொல்லைக் குழாயடிக்குப் போய்த் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டார்.

என் கணவர் போனை எடுத்துத் தன் பள்ளிக்கூடச் சிநேகிதரைக் கூப்பிட்டார். ஒப்பணக்காரத் தெருவில் துணிக்கடை வைத்திருந்த பாய் அவர். சரக்கெடுக்க அடிக்கடி சூரத் போய்வருவதால் இந்தி சரளமாக வரும். கடையை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டரில் வந்தார். நான் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முகத்தை மிகவும் சிரமப்பட்டு இறுக்கமாக வைத்துக்கொண்டு, "தங்கச்சி, சாவல்னா அரிசிங்க. கொஞ்சம் சோறு போதும்னு சொல்லியிருக்காங்க" என்றார்.

பிறகு அவர் முன்னறையில் உட்கார்ந்து, எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று டீலர் வீட்டாருக்கு விளக்கினார். முதலில் சிரித்தவர் டீலரின் மனைவி. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு என் கையில் செல்லமாகத் தட்டி, இன்னொரு முறை கூவிக் காட்டச் சொன்னார். பிள்ளைகளும் கேட்டார்கள். கூவினேன். வேறு என்ன செய்வது? புதுப் பாத்திரம் வாங்கிவந்து தயிர்ச்சோறு கிளறினோம். டீலரின் அம்மா மட்டும் வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொண்டார். மீதிக் குழம்பு பட்டறை ஆட்களுக்குப் போயிற்று. இன்னொரு டீலர் எப்போது வருவார் என்று அவர்கள் வெகுநாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் கிளம்பும்போது, அதற்குள் எனக்கு அக்கா ஆகிவிட்ட டீலரின் மனைவி, பாயைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு ஒரு ஏற்பாடு சொன்னார். இந்தூரில் அவர்கள் வீடு கடைக்கு மேல் மாடியில்தான். தினமும் காலையில் கடையிலிருந்து கோவைக்குப் பேசும்போது முதல் ஐந்து நிமிடம் தான் என்னோடு பேசுவாராம். இந்தியில் மட்டும். நான் முந்தின நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். நடுவில் போனை வைக்கக் கூடாது. டீலரும் உடனே ஒப்புக்கொண்டார். வெளியூர்ப் பேச்சுக்கான எஸ்.டி.டி. செலவைவிட என் "அச்சா" அவருக்கு அதிகச் செலவு வைக்கும் என்று கணக்குப் போட்டிருப்பார்.

நான் சும்மா இருப்பேனா? ஆர்.எஸ்.புரத்துக்குப் போய், ஒரே மாதத்தில் இந்தி பேசலாம் என்று அட்டையிலேயே சத்தியம் செய்த புத்தகம் ஒன்றை வாங்கினேன். சமையலறை முழுக்க இந்தி எழுத்திலேயே சீட்டு எழுதி ஒட்டினேன். உப்பு டப்பாவில் 'நமக்', சீனி டப்பாவில் 'சீனீ', கதவில் 'தர்வாஜா'. என் கணவர் காபிக்குச் சீனி தேடி, கதவைத் தவிர எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிட்டு, "எனக்கொரு சீட்டு எழுதி நெத்தியில ஒட்டீரு அம்மிணி, மறந்துபோயிரப் போற" என்றார்.

முதல் நாள் போன் வந்தது. நான் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருந்ததைச் செய்தி வாசிப்பவர் மாதிரி வாசித்தேன். என் பெயர் இன்னது. இது ஒரு வீடு. தோட்டத்தில் ஒரு குதிரை நிற்கிறது. புத்தகத்தில் குதிரைதான் இருந்தது. அக்கா ஆச்சரியப்பட்டு, குதிரை எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டார். கேள்வி கேட்டால் என்ன செய்வது என்று புத்தகத்தில் இல்லை. நான் மறுபடியும் என் பெயரைச் சொன்னேன்.

அதற்கடுத்த நாளிலிருந்து அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இன்றைக்கு என்ன சமையல்? அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். பருப்பு வேகவில்லை என்று சொல்ல வார்த்தை தெரியாவிட்டால் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டும். "பருப்பு... கல்... குக்கர்... கோபம்" என்றேன் ஒருநாள். அவருக்குப் புரிந்துவிட்டது. பருப்பு வேகவில்லை என்பதை முழு வாக்கியமாகச் சொல்லிக் கொடுத்து, என்னையும் சொல்லவைத்தார். மறுநாள் அதையே கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். வெந்த பருப்பையும் வேகாத பருப்பாக்கி நான் பதில் சொன்ன நாட்கள் உண்டு.

சமையலில் தொடங்கியதால் என் இந்தியில் எல்லாமே அடுப்படி வாசனையோடுதான் வந்தது. அக்காவின் வாயைப் பார்த்தே படித்ததால் இன்னொரு வினையும் வந்தது. இந்தியில் பெண் பேசினால் வினைச்சொல்லே மாறிவிடும். அவர் 'வருகிறேன், போகிறேன்' என்று சொன்னதையெல்லாம் நான் அப்படியே எல்லாருக்கும் பொருத்தினேன். ஒருநாள் நாக்பூரிலிருந்து புதிதாக ஒருவர் பேசினார். முதலாளி எங்கே என்று கேட்டார். முதலாளி குளித்துக்கொண்டிருக்கிறாள், குளித்துவிட்டுப் பட்டறைக்கு வருவாள் என்று மிகத் தெளிவாகச் சொன்னேன். அவர் சற்று யோசித்து, ஒரு பெண் மோட்டார் கம்பெனி நடத்துவது பெரிய விஷயம் என்று பாராட்டினார்.

ஆடி மாதம் வந்தது. கோபியில் அம்மா வீட்டுக்குப் போனேன்; திரும்பினால் ஆவணியில் ஒரு கல்யாணம், ஒரு சீர், ஒரு காய்ச்சல். போன் அடித்தால் "நேரமில்லைன்னு சொல்லிருங்க" என்று கணவரிடம் கைகாட்டினேன். ஒரு முழு மாதம் போனது. மறுபடி எடுத்தபோது வாயில் "அச்சா"வைத் தவிர எதுவும் இல்லை. கோப்பை வாங்கியவளுக்கு அன்று வந்த வெட்கம் சொல்லி முடியாது. வார்த்தைகளெல்லாம் வாடகை வீட்டுக்காரர்கள் மாதிரி சொல்லாமல் காலி செய்துவிட்டுப் போயிருந்தன. அக்கா கடிந்துகொள்வார் என்று காத்திருந்தேன். அவர், "இன்றைக்கு என்ன சமையல்?" என்றார்.

அதற்குப் பிறகு நான் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் புத்தகத்தோடு முட்டிக்கொள்வதில் ஒன்றும் ஏறவில்லை. தினமும் அந்த ஐந்து நிமிடம் தவறாமல் அசடு வழிந்தால் ஏறுகிறது. அசடு வழிவதில் எனக்கு இயற்கையான திறமை இருந்ததால் பிறகு சிரமம் தெரியவில்லை.

இரண்டாம் வருடம் ஒரு காலை, போனில் அக்கா என்ன சமையல் என்று கேட்கவில்லை. "மா சலீ கயீ" என்றார். அம்மா போய்விட்டார் என்கிறார். அவரைப் பெற்ற அம்மா. தமிழில் என்றால் கட்டிப் பிடித்து ஒப்பாரியே வைத்திருப்பேன். என்னிடம் இருந்ததோ பருப்பும் சப்பாத்தியும் உப்பும்தான். இரங்கலுக்கு ஒரு சொல் கிடையாது. கடைசியில் தெரிந்ததைத்தான் கேட்டேன்.

"கானா காயா, தீதி?" சாப்பிட்டீர்களா அக்கா என்று.

அவர் இல்லை என்றார். பிறகு அழத் தொடங்கினார். அழுதுகொண்டே தன் அம்மா செய்யும் ஊறுகாயைப் பற்றிச் சொன்னார். மாங்காயை எப்படி நறுக்குவார், எத்தனை நாள் வெயிலில் வைப்பார் என்று. அன்றைக்கு அவர் பேசியதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியாமல் போகவில்லை. ஐந்து நிமிடம் தாண்டிப்போனது. டீலர் போனைக் கேட்கவில்லை. வைத்தபிறகுதான் நான் மனசுக்குள் எதையும் தமிழாக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது உறைத்தது. அந்த நேரத்தில் அதற்காகச் சந்தோஷப்படவும் முடியவில்லை.

மெல்ல மெல்ல வியாபாரப் பேச்சும் என்னிடமே வந்தது. தண்ணீர் இல்லாத கிணற்றில் மோட்டாரைப் போட்டு எரித்துவிட்டு, குறை எங்கள் மேல் என்று ஒருவர் சண்டைக்கு வருவார். "பாயி சாகிப், தண்ணி ஊத்தாமல் குக்கரை அடுப்பில் வைத்தால் உங்கள் வீட்டு அம்மா சும்மா விடுவார்களா?" என்று இந்தியில் கேட்பேன். அவர் சண்டையை விட்டுவிட்டுப் புதுக் காயில் என்ன விலை என்று கேட்பார். தொழில்நுட்பச் சொற்கள் எதுவும் தெரியாததால் வந்த வெற்றி அது. காயில் எரிந்தால் தாளிப்புக் கருகிவிட்டது, பேரிங் சத்தம் போட்டால் மிக்ஸியில் கரண்டி விழுந்துவிட்டது.

இதற்கிடையில் எனக்குத் தெரியாமல் இன்னொன்றும் நடந்திருக்கிறது. ஒருநாள் குளித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. நின்றது. பிறகு ஹாலிலிருந்து ஒரு கம்பீரமான குரல்: "பகூ நஹா ரஹீ ஹை. பாத் மே கரோ." மருமகள் குளித்துக்கொண்டிருக்கிறாள், பிறகு கூப்பிடு. வினைச்சொல் உட்பட எல்லாம் சரி. ஈரத் தலையோடு வெளியே வந்து பார்த்தால் மாமனார் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார்.

"மாமா, நீங்களா பேசுனீங்க?"

"தெனமும் காதுக்குப் பக்கத்துல நீ கத்துனா என்னாகும்? ஒட்டிக்காதா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளிய சொல்லிப்போடாத கண்ணு" என்றார். அதோடு, நான் குளிப்பதைப் பற்றிப் பேசும்போது மட்டும் இலக்கணம் சரியாக வருகிறது, என் கணவரைப் பற்றிப் பேசும்போது அவரையும் பெண்ணாக்கிவிடுகிறேன் என்றும் திருத்தினார்.

அக்காவின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் வைத்தார்கள். நானும் கணவரும் இரண்டு நாள் ரயிலில் இந்தூர் போனோம். மண்டபத்தில் அக்கா என்னைப் பெண்கள் நடுவில் உட்காரவைத்துப் பேசச் சொன்னார். நான் பேசப் பேச ஒவ்வொருத்தரும் சிரித்தார்கள். தப்புக்காகச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, நான் இந்தியில் அக்காவின் குரலிலேயே பேசுகிறேன். அவர் மாதிரியே இழுப்பு, அவர் மாதிரியே நடுவில் ஒரு பெருமூச்சு, அவருடைய அத்தனை முணுமுணுப்பும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இரண்டு அக்கா என்று ஒரு கிழவி சொன்னார். வாக்கியத்தின் கடைசியில் வரும் 'ங்க' மட்டும்தான் என்னுடையது. அது மரியாதைச் சொல் என்று விளக்கினேன். கல்யாணம் முடிவதற்குள் அந்த மண்டபத்துப் பிள்ளைகள் எல்லாம் ஆமாம், இல்லை என்பதற்கு "ஹாஞ்சிங்க, நஹீங்க" என்று கத்திக்கொண்டு திரிந்தன.

இந்தூரில் இருந்த நான்கு நாளும் என் கணவர் வாயைத் திறக்கவில்லை. எல்லாவற்றையும் நானே பேசினேன். திரும்பும் ரயிலிலும் பேசினேன். எதிர் இருக்கைக்காரர்கள் இறங்கும்வரை விடவில்லை. கோவை வந்து இறங்கி, ஸ்டேஷனுக்கு வெளியே நின்ற ஆட்டோக்காரரிடம் போய், கணபதிக்கு எவ்வளவு, அவ்வளவெல்லாம் முடியாது, எங்களை வெளியூர் என்று நினைத்தாயா என்று ஒரு மூச்சுப் பொரிந்து தள்ளினேன். ஆட்டோக்காரர் பரிதாபமாக என் கணவரைப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, அம்மிணி எந்த ஊருங்க? என்ன சொல்றாங்கன்னே வெளங்கலீங்க."

அப்போதுதான் நான் பேசியது எந்த மொழி என்று எனக்கே தெரிந்தது. என் கணவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, "வடக்கத்தி அம்மிணிங்க. ரெண்டு நாள்ல தெளிஞ்சுரும். வண்டிய எடுங்க" என்றார்.